எந்தத் தோட்டத்துக் குலை

போன செவ்வாய்க்கிழமை அதிகாலை இரண்டரை மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. லோரி ஒன்று திம்பாங்கில், அதாவது எடை மேடையில், ஏறி நின்றது. டிரைவர் அண்ணன் சன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். கடலோரத் தோட்டம் ஒன்றின் பெயர் அதில் இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லோரியின் பின்பக்கம் அடித்துப் பார்த்தேன். செம்பனைக் குலைக் காம்புகளில் ஒட்டியிருந்தது செம்மண்.

"அண்ணே, இது நம்ம பக்கத்துக் குலை இல்லையே?"

அவர் சிரித்துவிட்டார். பீடோர் பக்கம் வேறொரு லோரி பழுதாகி நின்றுவிட்டதாம். அந்தப் பழத்தை இவர் லோரியில் ஏற்றிவிட்டார்கள், சீட்டை மாற்ற மறந்துவிட்டார்கள். இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பேசி, சீட்டைத் திருத்தி, எடை போட்டு அனுப்பினேன். இரவு வேலையில் இதெல்லாம் சகஜம். ஆனால் அந்தச் செம்மண் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்த ஒன்றை அது கிளறிவிட்டது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில் எடை போடும் கிராணியாக எனக்கு இது 26ஆவது வருடம். இரவு ஏழுக்கு வந்தால் காலை ஏழுக்கு வீடு. லோரி ஏறும், மொத்த எடை போடுவேன். ரேம்பில் பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பி வரும், மறுபடியும் போடுவேன். கழித்தால் பழத்தின் எடை. வேலை அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் கண் தானாகவே இன்னொன்றையும் கற்றுக்கொண்டது. காம்பு வெட்டிய இடத்தில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பார்த்தே எந்தப் பக்கத்துப் பழம் என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊரிலிருந்து கடல் வரைக்கும் சாம்பல் நிறக் களி. காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், நகத்தால் சுரண்டினாலும் வராது. உள்ளே சில தோட்டங்களில் கறுப்பு மண். இலையும் தழையும் வேரும் மக்கி மக்கி உண்டான சதுப்பு மண் அது. கையில் எடுத்தால் கனமே இருக்காது, காய்ந்ததை ஊதினால் பறக்கும். பீடோர், சிலிம் ரிவர் பக்கம் செம்மண். மழை நாளில் அந்த லோரிகளின் டயரெல்லாம் குங்குமத்தில் முக்கியெடுத்த மாதிரி வரும். ரேம்பில் கொட்டிய பிறகு மூன்றும் ஒரே குவியல்தான். அந்தக் குவியலிலும் டார்ச் அடித்து, இது களி, இது கறுப்பு, இது செம்மண் என்று பிரித்துக் காட்டுவேன். அதற்கப்புறம் எல்லாம் வேகிறது, பிழிகிறது, எண்ணெயாகிறது. எண்ணெயில் ஊர் தெரியாது.

2024 மார்ச் மாதம் ஒரு மதியம், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, மூத்த மகள் பினாங்கிலிருந்து கூப்பிட்டாள். அப்போது அங்கே இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சிவனையும் சக்தியையும் கண்டுபிடிச்சிருக்காங்க."

பழங்கோயில்களைத் தோண்டியெடுத்த கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் மறுபடியும் ஏதோ சிலை கிடைத்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னது வானத்தை. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானியல் கழகத்தைச் சேர்ந்த கியாதி மல்ஹனும் ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸும் நம் சூரியன் இருக்கும் நட்சத்திர மண்டலமான பால்வீதிக்குள் இரண்டு பழைய நட்சத்திரத் திரள்களை அடையாளம் கண்டு, அவற்றுக்குச் சிவா, சக்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். 1,200 கோடி வருடங்களுக்கு மேல் வயதான நட்சத்திரங்கள். ஒவ்வொரு திரளும் ஏறக்குறைய ஒரு கோடிச் சூரியன்களின் எடை. பால்வீதி உருவாகத் தொடங்கிய காலத்தில் வந்து ஒட்டிய முதல் துண்டுகளாக இவை இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பால்வீதியின் நடுவே நட்சத்திரங்களால் ஆன நீளமான பட்டை ஒன்று சுழல்கிறது, அதன் இழுப்பிலும் நட்சத்திரங்கள் இப்படி ஓரிடத்தில் குவியும் என்று எதிர்வாதம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விட்டது. பால்வீதி முழுக்க ஒரே ஊர்க்காரர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெலுக் இந்தானில் 60 வெள்ளிக்குப் பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கி, ஓய்வு கிடைக்கும் இரவுகளில் ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளத்துக் கரையில் நின்று பத்து வருடமாக வானம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். விளக்கு வெளிச்சம் படாத இடம் எங்கள் ஆலையில் அது ஒன்றுதான். வாடை அடிக்கும், பழகிவிட்டது. அங்கே நின்று நான் பார்த்த நட்சத்திரங்களில் வேறு மண்டலத்தில் பிறந்து, அந்த மண்டலமே அழிந்த பிறகு இங்கே ஓடிக்கொண்டிருப்பவையும் இருக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

விஷயம் இதுதான். நம் பால்வீதி ஒரேயடியாக இவ்வளவு பெரிதாகிவிடவில்லை. சின்னச் சின்ன நட்சத்திர மண்டலங்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்துக்கொண்டே வளர்ந்தது. சேரும்போது நட்சத்திரங்கள் ஒன்றோடு ஒன்று மோதுவது கிடையாது, அவற்றுக்கிடையே அவ்வளவு இடைவெளி. சின்ன மண்டலத்தின் கட்டுத்தான் அவிழ்ந்துபோகும். எங்கள் பெர்ணம் ஆற்றில் மீன் படகுகள் கடல் தண்ணீர் ஏறும் நேரத்துக்குக் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நிலா பூமியின் கிட்டத்துப் பக்கத்தைக் கூடுதலாகவும் தூரத்துப் பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் கடல் ஏறி இறங்குகிறது. பால்வீதியைச் சுற்றிவரும் குட்டி மண்டலத்துக்கும் அதே கதிதான். கிட்டத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் முன்னால் இழுபட்டு ஓடும், தூரத்தில் இருப்பவை பின்தங்கும். சுற்றுக்குச் சுற்று முன்னும் பின்னும் வால் நீண்டுகொண்டே போகும். கடைசியில் மண்டலம் தேய்ந்து, அது போன வழி மட்டும் நட்சத்திரங்களால் போட்ட கோடாக மிஞ்சும்.

இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு 79 வயது, முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். பால்வீதி என்றதும் அவருக்குத் தோன்றியது பசும்பால் இல்லை. தோட்டத்தில் பால் என்றால் மரப்பால்தானே.

"காண்டா வாளியில தூக்கிட்டு வர்றப்போ தளும்பித் தளும்பி வழியெல்லாம் சிந்துமே, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான். எனக்கு அந்தத் தடம் நன்றாக நினைவிருக்கிறது. காலை பதினோரு மணிக்கு மேல் அம்மாவும் மற்றப் பெண்களும் தோளில் கம்பைப் போட்டு, இரண்டு பக்கமும் வாளி தொங்க, பால் ஸ்டோருக்கு நடப்பார்கள். மேடு ஏறும் இடத்தில் கூடுதலாகச் சிந்தும். செம்மண்ணில் வெள்ளைச் சொட்டு, அப்புறம் வெள்ளைக் கோடு. சாயங்காலம் அது காய்ந்து மஞ்சளாகி நார் நாராக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் அதை உரித்து உரித்துச் சுருட்டிப் பந்து செய்வோம். ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மண்ணிலிருந்து நீளமாகக் கழன்று வரும், பாதியில் அறுந்தால் அடுத்த முனையைத் தேட வேண்டும். யார் எந்த வழியாகப் போனார்கள், யார் கால் இடறி வாளியைச் சாய்த்தார்கள் என்று அந்தக் கோட்டைப் பார்த்தே வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லிவிடுவார்.

வானத்தில் அப்படிச் சிந்திக்கொண்டே போகிற வாளி ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. தனுசு ராசிப் பக்கம் இருப்பதால் தனுசுக் குறு மண்டலம் என்று பெயர். 1994-இல் ரோட்ரிகோ இபாட்டா, ஜெரி கில்மோர், மைக் இர்வின் என்ற மூவர் பால்வீதியின் நடுப்பகுதி நட்சத்திரங்களின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் தனி வேகத்தில் போவது தெரிந்தது. பார்த்தால், நம்மிடமிருந்து 80,000 ஒளியாண்டுகள் தள்ளி, பால்வீதியின் அந்தப் பக்கத்தில் ஒரு முழு மண்டலமே சிதைந்துகொண்டிருக்கிறது. நடுவிலுள்ள கூட்டமும் தூசியும் மறைத்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. 2003-இல் ஸ்டீவன் மஜெவ்ஸ்கியின் குழு அதிலிருந்து சிந்திய சிவப்பு நட்சத்திரங்களின் தடத்தை வானம் முழுக்கத் தொடர்ந்து வரைந்து காட்டியது. அது பால்வீதித் தட்டுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறி இறங்கி, நம்மைச் சுற்றி மாலை போட்ட மாதிரி ஓடுகிறது.

இதில் என்னை உலுக்கிய செய்தி வேறு. மெஸ்ஸியே 54 என்ற நட்சத்திரக் கொத்து தனுசில் இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே அதை 1778-இல் பார்த்துக் குறித்து வைத்தார். பால்வீதியின் சொந்தக் கொத்து என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1994-க்குப் பிறகுதான் அது அந்தக் குறு மண்டலத்தின் நெஞ்சுப் பகுதியிலேயே இருப்பது தெரிந்தது. ஆக 216 வருடம், பார்ப்பது வேறு மண்டலத்தின் நடுவீடு என்று தெரியாமலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இருப்பது உத்திராடத்துக்குப் பக்கத்தில். என் இளைய மகளின் நட்சத்திரம் உத்திராடம். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போதெல்லாம் சொல்கிற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வீடு இருப்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. பைனாகுலரில் அது நட்சத்திரம் மாதிரிதான் இருக்கும், கொஞ்சம் மங்கலாக. லோரி வந்த அந்தச் செவ்வாய் இரவும் தென்மேற்கே சாய்ந்திருந்த தனுசில் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

தனுசு மண்டலம் இன்னும் சிந்திக்கொண்டிருப்பதால் தடம் ஈரமாக இருக்கிறது. ரொம்ப காலத்துக்கு முன்பே வந்து முழுதாகக் கரைந்துபோனவற்றுக்குக் கோடு கூட மிஞ்சாது. அவற்றை எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் காயா வந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 டிசம்பரில் அனுப்பிய விண்கலம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகச் சுழன்றுகொண்டே ஒவ்வொரு நட்சத்திரமும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தது. 2018 ஏப்ரலில் அது வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 170 கோடி நட்சத்திரங்கள். 2025 ஜனவரியோடு அளப்பதை நிறுத்திக்கொண்டது. பத்து வருடத்துக்கு மேல் இரவு பகலாக எடை போட்டிருக்கிறது. அது ஓய்வு பெற்ற செய்தியைப் படித்தபோது ஏனோ சொந்தக்காரர் ஒருவருக்குப் பிரிவு உபசாரம் நடந்த மாதிரி இருந்தது எனக்கு.

காயாவின் அளவுகளை வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் அந்த 2018-லேயே ஒரே உண்மைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று வாசிலி பெலோகுரோவின் குழு. சூரியனைச் சுற்றியுள்ள பழைய நட்சத்திரங்களின் வேகத்தை வரைபடமாகப் போட்டபோது ஒரு பெரிய கூட்டம் சோசேஜ் வடிவத்தில் நீண்டு கிடந்தது. மற்ற நட்சத்திரங்கள் பால்வீதியை வட்டமாகச் சுற்ற, இவை மட்டும் நடுப்பகுதியை நோக்கிப் பாய்வதும், வெளியே விரைவதும், திரும்பப் பாய்வதுமாக இருந்தன. அதனால் காயா சோசேஜ் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று நெதர்லாந்தின் கிரோனிங்கனில் அமினா ஹெல்மியின் குழு. 1999-லேயே சூரியனுக்குப் பக்கத்தில் ஓடும் வெளியூர் நட்சத்திரங்களின் ஒரு தாரையைக் கண்டுபிடித்தவர் அவர், அதற்கு அவர் பெயரே இருக்கிறது. அவர்கள் வைத்த பெயர் காயா-என்செலாடஸ். கிரேக்கக் கதையில் என்செலாடஸ் ஓர் அரக்கன், எட்னா மலைக்கு அடியில் புதைந்து கிடப்பவன். அவன் புரண்டால் பூமி அதிரும். கயிலையைத் தூக்கப் போய் அடியில் நசுங்கிக் கிடந்த நம் ராவணனைத் தெரிந்தவர்களுக்கு அவனையும் தெரியும். ஏறக்குறைய 1,000 கோடி வருடத்துக்கு முன்னால் வந்து மோதிய அந்த மண்டலம் பால்வீதிக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அது வந்த வேகத்தில் இங்கிருந்த நட்சத்திரங்களும் கலைந்துபோயின. சூரியன் பிறந்து 460 கோடி வருடம்தான் ஆகிறது. அதாவது, நம் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே அந்தக் கலவரம் நடந்து முடிந்துவிட்டது.

ஆனால் ஓட்டத்தை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. இதை எனக்கு உறைக்க வைத்தது சுவாதி. சுவாதி நட்சத்திரத்தோடு சேர்ந்து ஒரே ஓட்டமாக ஓடும் கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டமே வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று 2004-இல் ஒரு கருத்து வந்தது. நான் அதைப் படித்துவிட்டு, கேன்டீனில் இருந்தவர்களிடமெல்லாம் சுவாதி வெளியூர் நட்சத்திரம் என்று சொல்லிவைத்திருந்தேன். மகள்தான் திருத்தினாள். பின்னால் அந்தக் கூட்டத்து நட்சத்திரங்களின் உலோகங்களை அளந்து பார்த்தபோது அவை ஒரே குடும்பமாக இல்லை. பலவகை உள்ளூர் நட்சத்திரங்கள் ஏதோ ஓர் இழுப்பில் ஒரே ஓட்டத்துக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான். சரி, அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

"நீங்க காம்புல மண்ணைப் பார்க்கிற மாதிரிதான்ப்பா."

அவள் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு மெக்னீசியம் என்று தெரியும். நட்சத்திரம் தன் மேல்தோலில் உள்ள இந்த உலோகங்களைத் தானாகச் செய்துகொள்வதில்லை. அது பிறந்த மேகத்தில், முந்தைய தலைமுறை நட்சத்திரங்கள் வெடித்துக் கொட்டிவிட்டுப் போனது அது. மிகப் பெரிய நட்சத்திரங்கள் சில கோடி வருடத்துக்குள்ளேயே எரிந்து வெடித்துவிடும், அவை கொட்டுவதில் மெக்னீசியம் நிறைய. சூரியன் போன்றவை செத்த பிறகு மிஞ்சும் வெள்ளைக் குறுமீன்களும் சில சமயம் வெடிக்கும். அவை கொட்டுவது பெரும்பாலும் இரும்பு. ஆனால் அதற்கு ரொம்ப காலம் பிடிக்கும்.

இனி பெரிய மண்டலத்தையும் சின்ன மண்டலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதில் வேலை மளமளவென்று நடக்கும். குறுமீன்கள் வெடிக்கத் தொடங்குவதற்குள் பெரிய நட்சத்திரங்களே எக்கச்சக்கமாக வெடித்து உலோகத்தை நிரப்பிவிடும். சின்னதில் நட்சத்திரம் பிறப்பதே மெதுவாக. மேகம் இன்னும் ஏழையாக இருக்கும்போதே குறுமீன்களின் இரும்பு வந்து விழுந்துவிடும். அதனால் ஒரே அளவு இரும்பு உள்ள இரண்டு நட்சத்திரங்களை எடுத்துப் பார்த்தால், சின்ன மண்டலத்தில் பிறந்ததற்கு மெக்னீசியம் குறைவாக இருக்கும். ஓட்டம் மாறலாம், இடம் மாறலாம், 1,000 கோடி வருடம் கூடக் கடக்கலாம். பிறந்த மண் மேல்தோலில் அப்படியே ஒட்டியிருக்கும். ஹெல்மியின் குழு அந்தப் பாய்ந்து திரும்பும் கூட்டத்தில் இதையும் பார்த்துவிட்டுத்தான் வெளியூர் என்று உறுதியாகச் சொன்னது.

அவள் சொல்லி முடித்ததும் என் டார்ச்சை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

இதையெல்லாம் நான் இவ்வளவு நெஞ்சில் ஏற்றிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள், பிறகு தோட்டம் கைமாறியது, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள். பெயர்ப்பலகையைப் பிடுங்கிய நாள் எனக்குத் தெரியும், நான் அங்கே நின்றிருந்தேன். எங்கள் ஆட்கள் ஊத்தான் மெலிந்தாங் தாமான் குடியிருப்புகளிலும் தெலுக் இந்தானிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் சிதறிப்போனார்கள். இன்றைக்கு அந்த இடத்துப் பழம் எங்கள் திம்பாங்குக்கு வரும்போது சீட்டில் இருப்பது பக்கத்துப் பெரிய தோட்டத்தின் பெயரும் ஒரு பிரிவு எண்ணும்தான். அந்த எண்ணை அடிக்கும்போதெல்லாம் என் சொந்தக் குறிப்பேட்டில் பழைய பெயரையும் எழுதி வைக்கிறேன். யாரும் கேட்கவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

மிஞ்சியிருப்பது மாரியம்மன் கோயில் மட்டும். சுற்றிலும் செம்பனை, நடுவில் கோயில். ஒரு வீடு கிடையாது. கோயிலுக்கு மேற்கே ஐந்து முருங்கை மரங்கள் ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நிற்கின்றன. தெரியாதவர்களுக்கு யாரோ அளந்து நட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் இடித்த ஒரு வீட்டின் குசினி வாசல், அதாவது சமையலறை வாசல். நாலாவது எங்களுடையது. அதன் அடியில் புல்லை விலக்கினால் அம்மா அம்மிக்கல் வைத்திருந்த சிமெண்ட் மேடை இன்னும் இருக்கிறது, ஓரத்தில் என் தம்பி ஈரச் சிமெண்டில் பதித்த காலும் இருக்கிறது.

போன மாதம், ஜூன் நடுவில், திருவிழா. வருடத்தில் அந்த ஒரு நாள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அம்மன் ஊர்வலம் முடிந்து, சாப்பாடு முடிந்து, இரவு ஒன்பது மணி வாக்கில் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். தெற்கே பார்த்தேன். நாங்கள் இருப்பது வடக்கே நாலு பாகைக்குள், அதனால் தென்வானம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். திரிசங்கு என்று சொல்லும் தெற்குச் சிலுவை செம்பனை ஓலைக்கு மேல் நின்றது. அதற்கு மேலே, கொஞ்சம் இடது பக்கம், மங்கலான ஒரு புள்ளி. ஒமேகா சென்டாரி.

வெறும் கண்ணுக்கு நட்சத்திரம் மாதிரியே இருப்பதால், பழைய காலத்தில் நட்சத்திரம் என்றே பட்டியல் போட்டார்கள். 1677-இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலிதான் இது தனி நட்சத்திரம் இல்லை என்று கண்டார். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் அதில் இருக்கின்றன, சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். சாதாரணக் கொத்து என்றால் எல்லா நட்சத்திரமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பிறந்திருக்க வேண்டும். இதில் பல தலைமுறை இருக்கிறது, உலோக அளவும் வேறு வேறு. பால்வீதி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. எப்போதோ உரித்து விழுங்கப்பட்ட ஒரு மண்டலத்தின் நடு அது என்று வானியலாளர்கள் பலர் நினைப்பது இதனால்தான். அதிலிருந்து உதிர்ந்த நட்சத்திரத் தாரையை 2019-இல் இபாட்டாவின் குழு கண்டது. 1994-இல் தனுசு மண்டலத்தைக் கண்ட அதே இபாட்டா. 2024-இல், ஹபிள் தொலைநோக்கி இருபது வருடமாக எடுத்த 500-க்கும் மேற்பட்ட படங்களை ஒப்பிட்டபோது, அதன் மையத்தில் ஏழு நட்சத்திரங்கள் இருக்கக் கூடாத வேகத்தில் ஓடுவது தெரிந்தது. அவற்றைத் தப்பவிடாமல் பிடித்து வைக்க, நடுவில் குறைந்தது 8,200 சூரியன்களின் எடையுள்ள கருந்துளை ஒன்று இருக்க வேண்டும். சுற்றியிருந்தது எல்லாம் போன பிறகும் நடுவில் உள்ளது பிடியை விடவில்லை.

அம்மாவைக் கோயில் திண்ணையில் உட்காரவைத்து, பைனாகுலரை அவர் கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, பார்வை பரவாயில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். முழங்கையை என் தோளில் ஊன்றிக்கொள்ளச் சொன்னேன்.

"பஞ்சு மாதிரி ஒன்னு தெரியுது."

"அதான்மா. அது ஒரு தனி ஊரா இருந்துச்சு. மத்ததெல்லாம் கழன்டு போயிடுச்சு. இது மட்டும்தான் மிச்சம்."

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"அதுல எத்தனை கதவு இருக்கும்?"

ஒரு கோடி இருக்கும்மா என்றேன். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம தோட்டத்துல அறுபத்து நாலு" என்றார். முருங்கை மரங்கள் நிற்கும் இருட்டுப் பக்கம் கையை நீட்டி, மேல் லயத்திலிருந்து தொடங்கினார். முதல் கதவு டிராக்டர் டிரைவர் வீடு. ரெண்டாவது தண்ணி மெசின் பார்க்கிறவர் வீடு. மூனாவதுல ஆயாக் கொட்டாய்க்காரம்மா, நாலாவது நாம. அஞ்சாவதுல இருந்தவங்க கிள்ளானுக்குப் போயிட்டாங்க, இன்னைக்கு மருமகள் வந்திருந்தா, பார்த்தியா. ஆறாவது...

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குறிப்பேட்டைத் திறந்தேன்.